இந்த வயதில் தடுப்பூசி எதற்கு?

கேள்வி: எனக்கு 67 வயது. பல ஆண்டுகளாகச் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை எடுத்துக்கொள்கிறேன். மற்றபடி என் வேலைகளை நானே செய்துகொள்கிறேன். சென்ற மாதம் வழக்கமான பரிசோதனைக்குப் போனபோது, ஃப்ளூ, நிமோனியா, அக்கி ஆகிய மூன்றுக்கும் தடுப்பூசி போட்டுக்கொள்ளும்படி மருத்துவர் எழுதிக் கொடுத்தார். பிள்ளைகள் நச்சரிக்கிறார்கள், எனக்கோ மனம் ஒப்பவில்லை. என் நண்பர் ஒருவர் ஃப்ளூ ஊசி போட்டுக்கொண்ட அடுத்த வாரமே மாரடைப்பில் இறந்துபோனார். தளர்ந்துவரும் உடம்பு இதையெல்லாம் தாங்குமா, தாங்கினாலும் இந்த வயதில் ஊசி வேலை செய்யுமா என்று தெரியவில்லை. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்தச் சீட்டைப் பார்க்கும்போதெல்லாம் 'உனக்கு வயதாகிவிட்டது' என்று யாரோ எழுதிக் கொடுத்ததைப் போல இருக்கிறது. நான் என்ன செய்வது?

பதில்: மறைக்காமல் சொன்னதற்கு முதலில் நன்றி. முதியவர்கள் தடுப்பூசியை மறுக்கும்போது பக்கவிளைவையும் பயனின்மையையும்தான் காரணமாகச் சொல்வார்கள். அவற்றுக்கெல்லாம் விடை சொன்ன பிறகும் தயக்கம் பாதி அப்படியே மிஞ்சியிருக்கும். மிஞ்சுவது பெரும்பாலும் முதுமையைப் பற்றிய அச்சம். இரண்டையும் ஒன்றாகப் பிசைந்து வைத்துக்கொண்டால் எதற்கும் தெளிவு கிடைக்காது என்பதால், மருத்துவக் கேள்விகளை முதலில் முடித்துவிட்டு அந்த அச்சத்துக்கு வருகிறேன்.

உங்கள் நண்பரின் மறைவிலிருந்துதான் தொடங்க வேண்டும். எத்தனை புள்ளிவிவரம் சொன்னாலும், பழகிய ஒருவரின் சாவு அவற்றைவிடக் கனமாகவே மனதில் நிற்கும். அறுபதைக் கடந்தவர்களிடம் மாரடைப்பு அரிதான நிகழ்வன்று. ஃப்ளூ பரவும் பருவத்தில் அந்த வயதினர் லட்சக்கணக்கில் ஊசி போட்டுக்கொள்ளும்போது, போட்டாலும் போடாவிட்டாலும் அதே வாரத்தில் மாரடைப்பு வந்திருக்கக்கூடிய சிலர் அவர்களுக்குள் இருக்கவே செய்வார்கள். உங்கள் நண்பரின் விஷயத்தில் என்ன நடந்தது என்று நான் இங்கிருந்து தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் ஃப்ளூவுக்கும் இதயத்துக்கும் உள்ள தொடர்பை ஏராளமானவர்களை வைத்து ஆராய முடியும், ஆராய்ந்தும் இருக்கிறார்கள். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் நடந்து 2018-ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், ஃப்ளூ என்று பரிசோதனையில் உறுதியானவர்களுக்கு முதல் 7 நாட்களில் மாரடைப்பு வரும் வாய்ப்பு, அவர்களுக்கே மற்ற காலத்தில் இருந்ததைவிட ஏறத்தாழ 6 மடங்கு கூடியிருந்தது. 2021-ஆம் ஆண்டு வெளியான மற்றோர் ஆய்வு இன்னும் நேரடியானது. பெரும்பாலும் மாரடைப்பு வந்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட சுமார் 2,500 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பிரிவினருக்கு ஃப்ளூ தடுப்பூசியும் மற்றவர்களுக்கு வெறும் உப்புநீரும் போட்டார்கள். ஓராண்டுக்குள் தடுப்பூசி பெற்றவர்களில் 2.9 சதவீதத்தினரும் உப்புநீர் பெற்றவர்களில் 4.9 சதவீதத்தினரும் இறந்திருந்தார்கள். ஃப்ளூ ஊசி இதயத்துக்கு ஆகாததாக இருந்திருந்தால், ஏற்கெனவே அடிபட்ட இதயங்களில் அது முதலில் வெளிப்பட்டிருக்கும்.

உடம்பு தாங்குமா என்ற அச்சத்தைப் பொறுத்தவரை, பலர் நினைப்பதற்கு நேர்மாறானதுதான் உண்மை. ஊசிக்குப் பின் வரும் காய்ச்சல், உடல்வலி, அசதி ஆகியவை நோயெதிர்ப்பு மண்டலம் விழித்துக்கொண்டதன் விளைவுகள். அது துடிப்பாக இருக்கும் இளையவர்களிடமே அவை கூடுதலாக வருகின்றன, முதியவர்களிடம் பொதுவாகக் குறைவு. எதிர்பார்ப்புக்கும் இதில் பங்குண்டு. கொரோனா தடுப்பூசிச் சோதனைகளைத் தொகுத்து 2022-இல் வெளியான ஆய்வொன்றில், மருந்தே இல்லாத போலி ஊசி பெற்றவர்களிலும் சுமார் 35 சதவீதத்தினர் முதல் தவணைக்குப் பிறகு தலைவலி, சோர்வு போன்றவற்றைச் சொல்லியிருந்தார்கள். இதைக் காட்டி 'எல்லாம் மனப்பிரமை' என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அக்கித் தடுப்பூசி போட்டவர்களில் பெரும்பாலோருக்குக் கை வலிக்கும். சிலர் ஒன்றிரண்டு நாட்கள் படுக்கையை விட்டு எழ மனமின்றி இருப்பார்கள். கடும் ஒவ்வாமை மிக அரிதாக வரும்; ஊசி போட்ட பிறகு 15 நிமிடம் அங்கேயே உட்காரச் சொல்வது அதற்காகத்தான். நரம்புகளைத் தாக்கும் கில்லன் பாரே என்ற நோய், ஃப்ளூ ஊசிக்குப் பின் 10 லட்சம் பேரில் ஓரிருவருக்குக் கூடுதலாக வரக்கூடும் என்று கணக்கிடப்பட்டிருக்கிறது. அந்த நோய் உங்களுக்கு முன்பு எப்போதாவது வந்திருந்தால், மருத்துவரிடம் அதை முதலில் சொல்ல வேண்டும்.

வேலை செய்யுமா என்ற கேள்விக்கு 'ஆம்' என்று ஒரே சொல்லில் பதில் சொல்வது நேர்மையாகாது. நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பியில்தான் டி செல்கள் எனப்படும் எதிர்ப்பணுக்கள் பக்குவம் பெறுகின்றன. அந்தச் சுரப்பி பருவ வயதிலிருந்தே சுருங்கத் தொடங்கி, முதுமையில் பெரும்பாலும் கொழுப்பாகிவிடுகிறது. ஆகவே புதிதாக ஒன்றை எதிர்கொண்டு பழகும் திறன் குறைகிறது. தடுப்பூசிக்கு உடம்பு காட்டும் எதிர்வினையும் மங்குகிறது. ஃப்ளூ தடுப்பூசி, பரவும் வைரஸோடு நன்றாகப் பொருந்திய ஆண்டுகளில்கூட, மொத்த மக்கள்தொகையில் நோயின் வாய்ப்பை 40 முதல் 60 சதவீதம் வரைதான் குறைக்கிறது; முதியவர்களிடம் அதைவிடக் குறைவாக இருப்பதும் உண்டு. இதற்காகத்தான் வழக்கமான அளவைப் போல 4 மடங்கு மருந்துப்பொருள் கொண்ட ஃப்ளூ ஊசியும், எதிர்ப்பைத் தூண்டும் துணைப்பொருள் சேர்த்த ஊசியும் முதியவர்களுக்கென்றே தயாரிக்கப்படுகின்றன. அவற்றில் ஏதேனும் கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால் சாதாரண ஊசியையே போட்டுக்கொள்ளுங்கள், தேடிக்கொண்டே பருவத்தைக் கடத்திவிட வேண்டாம். நிமோனியா ஊசி என்பது நிமோகாக்கஸ் என்ற கிருமிக்கான தடுப்பூசி. அதை நெதர்லாந்தில் 65 வயதுக்கு மேற்பட்ட சுமார் 84,500 பேரிடம் சோதித்து 2015-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஊசியில் அடங்கிய கிருமி வகைகளால் வரும் நிமோனியா ஏறத்தாழ 45 சதவீதமும், அவை ரத்தம் போன்ற இடங்களுக்குப் பரவும் தீவிர நோய் 75 சதவீதமும் குறைந்திருந்தன. சர்க்கரை நோய் இருப்பவர்களை இந்தக் கிருமி எளிதில் தாக்கும் என்பதால், உங்களைப் பொறுத்தவரை இது தள்ளிப்போடக் கூடாத ஊசி.

அக்கியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் மூன்றில் இதைத்தான் மக்கள் மிகவும் அலட்சியமாக எண்ணுகிறார்கள். சின்ன வயதில் சின்னம்மை வந்தவர்களிடம் அந்த வைரஸ் முழுதும் போய்விடுவதில்லை. முதுகுத்தண்டை ஒட்டியுள்ள நரம்பு முடிச்சுகளில் பல பத்தாண்டுகள் அடங்கிக் கிடந்து, நம் காவல் தளரும்போது ஒரு நரம்பின் வழியே தோலுக்கு வருகிறது. மார்பிலோ இடுப்பிலோ ஒரு பக்கம் மட்டும் பட்டை போட்டாற்போலக் கொப்புளங்கள் தோன்றி, சில வாரங்களில் காய்ந்துவிடும். சிலருக்கு வலி மட்டும் போகாமல் தங்கிவிடுகிறது. தோலில் ஒன்றும் தெரியாது. ஆனால் சட்டைத் துணி உரசினாலே தீப்பட்டது போல எரியும், மின்விசிறிக் காற்று பட்டால் பொறுக்காது, இரவில் அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடியாது. மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் இது நீடிக்கும். சாதாரண வலி மாத்திரைக்கு எளிதில் கட்டுப்படாது. 3 பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் அக்கி வருவதாகக் கணக்கிடுகிறார்கள். 2006-இல் வந்த பழைய தடுப்பூசி, 60 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் அக்கியைப் பாதியளவே தடுத்தது. 2017-இல் ஒப்புதல் பெற்ற புதிய தடுப்பூசி, சோதனைகளில் 50 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் சுமார் 97 சதவீதமும், 70 வயதைத் தாண்டியவர்களிடம்கூட ஏறத்தாழ 90 சதவீதமும் தடுத்தது. வயதான உடம்பில் ஊசி வேலை செய்யாது என்ற கூற்றுக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு வேண்டியதில்லை. உயிருள்ள கிருமி இல்லாத ஊசி என்பதால், எதிர்ப்புத் திறன் குன்றியவர்களுக்கும் இதைப் பரிந்துரைக்கிறார்கள்.

இனி, அந்தச் சீட்டு உங்களைச் சுட்டது பற்றி. பிறந்து ஆறு வாரமான குழந்தைக்கும், கருவுற்ற பெண்ணுக்கும், தொலைதூரப் பயணம் போகும் இளைஞனுக்கும் தடுப்பூசி எழுதித் தருகிறார்கள். அவர்களில் யாரும் அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்வதில்லை. அக்கி ஊசிக்கு ஒரு நாட்டில் 50 வயது, இன்னொரு நாட்டில் 65 வயது என்று எல்லை வைத்திருக்கிறார்கள். செலவையும் பயனையும் எடைபோட்டு அரசுகள் போட்ட கோடுகள் அவை. உங்கள் முழங்காலையோ நினைவாற்றலையோ பார்த்துப் போட்டவை அல்ல. இருந்தாலும் இந்த வாதத்தால் மட்டும் உங்கள் மனம் ஆறிவிடும் என்று நான் நம்பவில்லை. முதுமையை அஞ்சுகிறவர்களோடு பொறுமையாகப் பேசிப் பார்த்தால், சாவைவிட அவர்களை வாட்டுவது வேறொன்று என்பது தெரியவரும். கழிப்பறைக்குப் போக இன்னொருவர் கையைப் பிடிக்க வேண்டிய நாள் வந்துவிடுமோ என்பதே அது. 'என் வேலைகளை நானே செய்துகொள்கிறேன்' என்று நீங்கள் எழுதிய வரியில் அந்தக் கவலையும் சேர்ந்தே இருப்பதாக எனக்குப் படுகிறது.

அந்த நாள் பலருக்கு மெல்ல மெல்ல வருவதில்லை. ஒரு நிமோனியாவோடு திடீரென்று வந்துவிடுகிறது. 2007-ஆம் ஆண்டு வெளியான சிறிய ஆய்வொன்றில், நோய் எதுவும் இல்லாத முதியவர்களை 10 நாட்கள் படுக்கையிலேயே இருக்கவைத்துப் பார்த்தார்கள். அந்தப் பத்து நாட்களிலேயே கால்களின் தசை சராசரியாக ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக இழப்பாகியிருந்தது. ஆரோக்கியமானவர்களுக்கே இந்த நிலை என்றால், காய்ச்சலும் மூச்சுத்திணறலும் பசியின்மையும் சேர்ந்து படுத்தவருக்கு என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். நோய் குணமாகி வீடு திரும்பியவர், நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழ முடியாதவராகிவிடுகிறார். நீங்கள் காக்க விரும்பும் தன்னிச்சை நழுவுவது இப்படித்தான். உங்கள் சீட்டிலுள்ள ஊசிகளில் இரண்டு நேரடியாக இதைத் தடுப்பதற்கானவை.

நான் உங்கள் இடத்தில் இருந்தால், ஃப்ளூ பருவம் தொடங்குமுன் ஃப்ளூ ஊசியையும் நிமோனியா ஊசியையும் ஒரே நாளில் கைக்கொன்றாகப் போட்டுக்கொள்வேன், அதற்குத் தடையில்லை. அக்கி ஊசியை, இரண்டு நாட்கள் ஓய்வெடுக்க முடிகிற வேறொரு வாரத்தில் வைத்துக்கொள்வேன். ஊசி போடுபவரிடம் நான்கு விஷயங்களைச் சொல்லிவிடுங்கள்: முன்பு எந்த ஊசிக்காவது ஒவ்வாமை வந்ததா, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுக்கிறீர்களா, ஸ்டீராய்டு போன்ற எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து எடுக்கிறீர்களா, அன்று காய்ச்சல் இருக்கிறதா. லேசான சளிக்காகத் தள்ளிப்போட வேண்டியதில்லை. நல்ல காய்ச்சல் இருந்தால் தணியும்வரை பொறுக்கலாம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவராக இருந்தால், ஊசி போட்ட இடத்தைத் தேய்க்காமல் இரண்டு நிமிடம் அழுத்திப் பிடித்தால் போதும். வலி வருமோ என்று முன்கூட்டியே பாராசிட்டமால் விழுங்க வேண்டாம். வந்த பிறகு எடுத்துக்கொள்ளலாம். சர்க்கரை ஓரிரு நாள் சற்றுக் கூடலாம் என்பதால், வீட்டில் பார்க்கும் வசதி இருந்தால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளிடம் உங்கள் முடிவை நீங்களே சொல்லுங்கள். அவர்கள் சொல்லித்தான் போட்டுக்கொண்டீர்கள் என்று ஆக வேண்டாம். இதைப் படிக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை: 'உங்களுக்கு வயசாயிடுச்சு, போட்டுக்குங்க' என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

ஊசி போட்ட பிறகு நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ முகவீக்கமோ வந்தால், 'ஊசியின் வேலைதான், போய்விடும்' என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். காரணம் ஊசியா வேறா என்பதை அங்கே பார்த்துக்கொள்வார்கள். அக்கி ஊசிக்கு இரண்டு தவணை உண்டு. முதலாவதற்குப் பின் 2 முதல் 6 மாதத்துக்குள் இரண்டாவதைப் போட வேண்டும். முதல் தவணையில் கை வலித்தது என்று பலர் அதை விட்டுவிடுகிறார்கள். 6 மாதம் கடந்துவிட்டாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. விட்ட தவணையை மட்டும் போட்டுக்கொள்ளலாம்.