முதலில் பம்ப், பிறகு பாய்ச்சல்

கேள்வி: என்னுடைய நான்கு சிலிண்டர் டர்போ காரில் பெரிய டர்போவைப் பொருத்தி 400 குதிரைத்திறனை எட்டத் திட்டமிட்டிருக்கிறேன். கையில் உள்ள பணத்துக்கு, லாஞ்ச் கன்ட்ரோலுடன் (நின்ற நிலையில் இன்ஜின் சுற்று வேகத்தைப் பிடித்துவைத்து, பாய்ந்து புறப்பட உதவும் வசதி) கூடிய தனி இசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) வாங்கலாம். அல்லது பெரிய இன்ஜெக்டர்களும் (இன்ஜினுக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் முனைகள்) பெட்ரோல் பம்பும் வாங்கி, இருக்கிற இசியுவையே மறுபடியும் டியூன் செய்துகொள்ளலாம். “பழைய இன்ஜெக்டரே போதும், ரெகுலேட்டரில் பெட்ரோலின் அழுத்தத்தைக் கூட்டிக்கொள்ளலாம்” என்கிறார் விற்பனையாளர். எதை முதலில் வாங்குவது?

பதில்: இரண்டாவதை வாங்குங்கள். லாஞ்ச் கன்ட்ரோல் இல்லாவிட்டால் புறப்பாடு சற்று மந்தமாக இருக்கும், அவ்வளவுதான். பூஸ்ட் (டர்போ காற்றை அழுத்தித் தள்ளும் அழுத்தம்) ஏறிய நிலையில் பெட்ரோல் போதாமல் போனால், கலவை லீனாகி (காற்று மிகுந்து, பெட்ரோல் குறைந்து), நாக்கிங் (கலவை கட்டுப்பாடின்றித் தானே வெடிப்பது) தொடங்கி, பிஸ்டனே பழுதாகிவிடும்.

டர்போ இன்ஜின் முழு பூஸ்டில் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு ஏறத்தாழ 270 கிராம் பெட்ரோலைச் செலவழிக்கும் என்று கொண்டால், 400 குதிரைத்திறனுக்கு மணிக்கு சுமார் 145 லிட்டர் தேவைப்படும். அதை நான்காகப் பகிர்ந்தால் ஒவ்வோர் இன்ஜெக்டரும் நிமிடத்துக்கு 600 சிசி கொடுத்தாக வேண்டும். இன்ஜெக்டரை அதன் திறனில் 80 சதவீதத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது என்பது டியூனர்கள் பொதுவாகக் கடைப்பிடிக்கும் வரம்பு என்பதால், 750 முதல் 800 சிசி வரையிலானவற்றையே தேட வேண்டும். பின்னாளில் 85 சதவீத எத்தனால் கலந்த எரிபொருளுக்கு மாறும் எண்ணம் இருந்தால், அதற்கு மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கூடுதல் அளவு தேவை என்பதால், இப்போதே 1,000 சிசிக்கு மேற்பட்டதை வாங்கிவிடுவது இரட்டைச் செலவைத் தவிர்க்கும்.

விற்பனையாளர் சொல்லும் ரெகுலேட்டர் வழி அரைகுறையானது. இன்ஜெக்டரின் பாய்ச்சல் அழுத்தத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பவே கூடும். ஆகவே 3 பாரிலிருந்து (பார் என்பது அழுத்தத்தின் அலகு) 4 பாருக்கு ஏற்றினாலும் கிடைப்பது சுமார் 15 சதவீதம் மட்டுமே. அழுத்தம் ஏற ஏறப் பம்ப் தள்ளும் அளவோ குறைந்துகொண்டே போகும். 1.2 பார் பூஸ்டில் ஓடும் காரில், பூஸ்டுக்கு ஈடாக ரெயிலின் (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பகிரும் குழாயின்) அழுத்தமும் உயர வேண்டும் என்பதால், பம்ப் ஏற்கெனவே 4.2 பாரை எதிர்த்துத் தள்ளிக்கொண்டிருக்கும். அதன் மேல் இன்னொரு பாரையும் சுமத்துகிறார் இவர்.

பம்ப் வாங்கும்போது, பெட்டியில் அச்சிட்டிருக்கும் லிட்டர் கணக்கை நம்பாதீர்கள். எந்த அழுத்தத்தில், எத்தனை வோல்ட்டில் அந்த அளவு கிடைக்கிறது என்று காட்டும் வரைபடத்தைக் கேளுங்கள். 13.5 வோல்ட்டில் நன்றாக ஓடும் பம்ப், பழைய மெல்லிய வயரிங் காரணமாக 12 வோல்ட்டே கிடைத்தால் கணிசமாகத் தளர்ந்துவிடும். பேட்டரியிலிருந்து நேரே தடித்த வயரும் ஒரு ரிலேயும் போடுவது, நான் பார்த்தவரையில், செலவழிக்கும் காசுக்கு மிகுந்த பலன் தரும் வேலை. இன்ஜெக்டர்களில், நான்கின் பாய்ச்சலையும் ஒப்பிட்டுச் சோதித்த தாளும், வோல்ட்டுக்கு வோல்ட் அவை திறக்க எடுத்துக்கொள்ளும் நேரத்தின் அட்டவணையும் தராத கடையில் வாங்க வேண்டாம். அந்த அட்டவணை இல்லையென்றால் ஐட்லிங்கில் இன்ஜின் தள்ளாடும், டியூனருக்குக் கூலி கூடும். கலவையின் விகிதத்தை விரிந்த எல்லையில் அளக்கும் வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சாருக்கும் பணம் ஒதுக்கிவையுங்கள். சாதாரண நேரோபேண்ட் சென்சார் காற்று 14.7-க்கு பெட்ரோல் 1 என்ற விகிதத்தின் அருகில் மட்டுமே துல்லியமாகப் பேசும். பூஸ்டில் நீங்கள் பார்க்க வேண்டியதோ 11.5 முதல் 12 வரையிலான விகிதம்.

பிற்பாடு தனி இசியு வாங்க நேர்ந்தாலும், லாஞ்ச் கன்ட்ரோல் பெரும்பாலானவற்றில் உள்ளேயே இருக்கிறது. கிளட்ச் சுவிட்சுக்கும் அமைத்துத் தரும் கூலிக்கும் மட்டும் பணம் கொடுங்கள்.

கேள்வி: ஸ்பார்க் தரும் காயிலின் வயரில் இடைச்செருகலாகப் பொருத்தும் மலிவான லாஞ்ச் பெட்டி ஒன்றை வாங்கலாமா? லாஞ்சின்போது சுற்று வேகத்தைக் கட்டுப்படுத்தப் பற்றவைப்பைத் துண்டிப்பது நல்லதா, எரிபொருளைத் துண்டிப்பதா?

பதில்: அந்தப் பெட்டியைத் தவிர்த்துவிடுங்கள். ஸ்பார்க்கை அது நிறுத்துவது இசியுவுக்குத் தெரியாது. எரியாத காற்று சைலன்சர் பக்கம் போகும்போது ஆக்சிஜன் சென்சார் அதை லீன் என்று படிப்பதால், இசியு திருத்தம் செய்யும் நிலையில் இருந்தால் மேலும் பெட்ரோலைக் கொட்டும்.

இசியுவே செய்யும் துண்டிப்பில் இரண்டுக்கும் இடம் உண்டு. பற்றவைப்பைத் துண்டித்துத் தாமதப்படுத்தினால், எரியாத கலவை சூடான மேனிஃபோல்டில் எரிந்து டர்போவைச் சுழற்றும். கார் நகர்வதற்கு முன்பே பூஸ்ட் கிடைக்கும். அதற்கான விலையைப் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும், எக்ஸாஸ்ட் வால்வுகளும், டர்பைன் சக்கரமும் கொடுக்கின்றன. கன்வெர்ட்டருடன் ஓடும் காரில் இதைச் சில விநாடிகளுக்கு மேல் பிடித்து வைத்திருக்கக்கூடாது. எரிபொருளைத் துண்டிப்பது சத்தமும் சூடும் குறைந்த வழி, ஆனால் பூஸ்ட் அவ்வளவாக ஏறாது. பெட்ரோல் மீண்டும் வரும் முதல் சில சுழற்சிகளில் கலவை லீனாக இருக்கவும் வாய்ப்புண்டு. டர்போ இல்லாத காருக்கு இதுவே போதும்.

கேள்வி: டேங்கில் கால்வாசி பெட்ரோல் இருக்கும்போது லாஞ்ச் செய்தால் இன்ஜின் ஒரு கணம் திணறுகிறது. இசியுவை மாற்றச் சொல்கிறார்கள்.

பதில்: டேங்கை நிரப்பிவிட்டு அதே லாஞ்சைச் செய்து பாருங்கள். திணறல் மறைந்தால் இசியுவில் குற்றமில்லை. வேகமெடுக்கும்போது பெட்ரோல் பின்பக்கம் ஒதுங்கிவிட, உறிஞ்சும் வாய் காற்றை இழுக்கிறது. உறுதி செய்துகொள்ள ரெயிலில் ஓர் அழுத்தச் சென்சாரைப் பொருத்திப் பதிவு எடுங்கள். ரெயிலின் அழுத்தத்துக்கும் மேனிஃபோல்டின் அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசம் எப்போதும் ஒரே அளவில் நிற்க வேண்டும். புறப்படும் நொடியில் அது பள்ளமாக விழுந்தால் டேங்கின் கோளாறு. சுற்று வேகம் ஏற ஏற மெல்லச் சரிந்தால் பம்பையோ ஃபில்டரையோ வயரிங்கையோ சந்தேகியுங்கள்.

தீர்வு, ஒன்றிரண்டு லிட்டர் கொள்ளும் சர்ஜ் டேங்க், அதாவது பம்புக்குப் பெட்ரோல் அறாமல் பார்த்துக்கொள்ளும் சிறிய துணை டேங்க். அதைப் பயணிகள் அமரும் பகுதியில் தடுப்பில்லாமல் வைக்க ஒப்புக்கொள்ளாதீர்கள். டேங்கின் உள்ளே மூழ்கிக் கிடக்கும் ரப்பர் குழாய் அதற்கென்றே செய்யப்பட்டதா என்றும் கேளுங்கள். சாதாரணப் பெட்ரோல் குழாயின் வெளிப்புறம் பெட்ரோலைத் தாங்காமல் ஊறி விரிசல் விடும்.

கேள்வி: லாஞ்ச் கன்ட்ரோல் பொருத்திய பழைய கார் ஒன்றை விற்பவர்கள் அதற்குக் கூடுதல் விலை கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: கூடுதல் விலை வேண்டாம், குறைத்துக் கேளுங்கள். எத்தனை முறை லாஞ்ச் செய்யப்பட்டது என்பதைச் சில இசியுக்கள் பதிந்து வைத்திருக்கும், அதைக் காட்டச் சொல்லுங்கள். மேடேறும்போது கிளட்ச் வழுக்குகிறதா, ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி நகர்த்தினால் ஆக்சில் மூட்டில் டக்டக் என்று சத்தம் வருகிறதா, கன்வெர்ட்டரின் உட்புறம் உடைந்து கலகலக்கிறதா என்று பார்த்த பிறகே விலை பேசுங்கள்.