வாரஇறுதிக்குப் பலெர்மோ வருகிறீர்களா? கேட்டவர்களுக்குப் பதில்கள்

சிசிலியின் பலெர்மோவில் குடியிருக்கிறேன் என்று தெரிந்ததும் கேள்விகள் குவிந்துவிட்டன. எனக்குத் தெரிந்தவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். விசா விஷயம் என் வேலை இல்லை, தூதரகத்தைக் கேளுங்கள்.

கேள்வி (லண்டன்): நண்பர்கள் நால்வர் வெள்ளி இரவு வந்து ஞாயிறு மாலை திரும்புகிறோம். எதைத் தவறவிடக் கூடாது, அண்ணை?

சனி காலை முதல் வேலையாக நோர்மன் அரண்மனைக்குப் போங்கள். அதற்குள்தான் கப்பெல்லா பலத்தீனா இருக்கிறது. நோர்மன் அரசன் இரண்டாம் ரொஜர் 1132இல் கட்டத் தொடங்கிய சிற்றாலயம். சுவரெல்லாம் பைசாந்தியப் பாணிப் பொன் மொசைக், அதற்கு மேலே அரபுப் பாணியில் குடைந்து செதுக்கிய மரக்கூரை. அந்தக் கூரையில் குடிப்பவர்கள், வாத்தியம் வாசிப்பவர்கள், சதுரங்கம் ஆடுபவர்கள் என்று குட்டிக் குட்டி ஓவியங்கள். தேவாலயத்துக் கூரையில் இதெல்லாம்! பெரும்பாலானோர் கிறிஸ்துவைப் படமெடுத்துவிட்டு, அண்ணாந்துகூடப் பார்க்காமல் வெளியே வந்துவிடுகிறார்கள்.

வாரஇறுதிக்காரருக்கு ஒரு அதிர்ஷ்டம் உண்டு. அதே கட்டடத்தில்தான் சிசிலியின் சட்டமன்றம் கூடுகிறது. அதனால் அரச அறைகளை வெள்ளி முதல் திங்கள் வரைதான் திறந்துவிடுவார்கள். ஞாயிறு காலையில் பூசைக்காகச் சிற்றாலயத்தை இடையில் மூடுவார்கள், அதனால்தான் சனி என்றேன். பிறகு 389ஆம் இலக்க பஸ்ஸில் பக்கத்து ஊரான மொன்ரெயாலே. அங்குள்ள பேராலயத்தில் மொசைக் மட்டும் ஆறாயிரம் சதுர மீற்றருக்கு மேல். தோள் மூடிய உடுப்பு போடுங்கள்.

கேள்வி (சூரிச்): போன முறை கோப்பிக் கடையில் கையை நீட்டிக்கொண்டு நின்றும் யாரும் கவனிக்கவில்லை. நிறத்தைப் பார்த்துத்தானா?

அப்படியும் நடப்பதுண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் சொல்வது வேறு கதை போலத் தெரிகிறது. இங்கே பல கடைகளில் முதலில் கல்லாவில் காசு கட்ட வேண்டும். அந்தத் துண்டுச் சீட்டைக் கொண்டுபோய் மேடையில் வைத்தால்தான் கோப்பி போடுகிறவர் நிமிர்ந்து பார்ப்பார். நின்றபடி குடித்தால் ஒரு விலை, மேசையில் இருந்தால் இன்னொரு விலை. கூடவே சின்னக் கிளாசில் தண்ணீர் வைப்பார்கள், அது கோப்பிக்கு முன்னால் வாயை அலம்புவதற்கு. மத்தியானத்துக்குப் பிறகு கப்புச்சீனோ கேட்டால் யாரும் பிடித்து உள்ளே போட மாட்டார்கள், ஒரு பார்வை பார்ப்பார்கள், அவ்வளவுதான். கோடையில் வந்தால் அதை விடுங்கள். காலைச் சாப்பாடே கிரனீத்தா என்கிற உறைந்த இனிப்புக் கூழும் பிரியோஷ் என்கிற மெத்தென்ற பாணும்தான்.

கேள்வி (பாரிஸ்): விமான நிலையத்திலேயே கார் வாடகைக்கு எடுத்தால் வசதி இல்லையா?

வேண்டாம். பழைய நகருக்குள் அனுமதியுள்ள வண்டிகளுக்கு மட்டுமான வலயம் இருக்கிறது. வாசலில் கமரா. தெரியாமல் நுழைந்தால் அப்போது ஒன்றும் நடக்காது. நீங்கள் பாரிஸ் போய் எல்லாவற்றையும் மறந்த பிறகு அபராதம் வீட்டுக்கு வரும், வாடகைக் கம்பனி தன் பங்குக்கும் கழித்திருக்கும். விமான நிலையம் ஏறக்குறைய 35 கிலோமீற்றர் தூரம், ரயிலும் பஸ்ஸும் ஓடுகின்றன.

கேள்வி (ஒஸ்லோ): எங்களில் இருவர் சைவம். பட்டினியா?

பனெல்லே இருக்கும்போது பட்டினியா? கடலைமாவைத் தண்ணீரில் கரைத்துக் களியாகக் கிண்டி, தட்டிலே பரப்பி, ஆறியதும் வெட்டிப் பொரிப்பார்கள். எள்ளுப் போட்ட பாணுக்குள் வைத்து, தேசிக்காய்ப் புளி பிழிந்து, சுடச்சுடச் சாப்பிட வேண்டும். உறைப்பு கிடையாது, பையில் மிளகாய்த்தூள் வைத்திருக்கும் ஆட்களையும் நான் பார்த்திருக்கிறேன். கத்தரிக்காய்க் கப்பொனாத்தாவும் பொருந்தும். ஸ்ஃபின்சோனே மட்டும் கவனம்: பார்க்கத் தக்காளி ரொட்டி மாதிரி, உள்ளே நெத்தலி கரைந்திருக்கும். மற்ற இருவரும் பல்லரோ சந்தையில் மண்ணீரல் பாண் சாப்பிடட்டும்.

கேள்வி (டோர்ட்முண்ட்): பிள்ளைகள் மாஃபியாப் படம் போட்ட ரீசேர்ட் வாங்கி, எல்லாரும் போட்டுக்கொண்டு ஒரு குறூப் போட்டோ எடுக்க ஆசைப்படுகிறார்கள். எங்கே மலிவு?

தெரிந்தாலும் சொல்ல மாட்டேன். விமான நிலையத்தின் பெயரைப் பாருங்கள்: ஃபல்கோனே–போர்செல்லீனோ. இருவரும் மாஃபியாவை விசாரித்த நீதித்துறையினர். அங்கிருந்து நகருக்கு வரும் நெடுஞ்சாலையில், கப்பாச்சி என்ற இடத்தில், 1992 மே 23 அன்று சாலைக்கு அடியில் குண்டு வைத்து ஃபல்கோனேயையும் அவர் மனைவியையும் மூன்று காவலர்களையும் கொன்றார்கள். இரண்டு மாதம் ஆவதற்குள் போர்செல்லீனோவும் போனார். பஸ்ஸில் வந்தால் சாலையின் இரு பக்கமும் செந்நிற நினைவுத்தூண்கள் தெரியும். மேலே மலைச்சரிவில் ஒரு சின்ன வெள்ளைக் கட்டடம், சுவரில் பெரிய எழுத்தில் ‘நோ மாஃபியா’. குண்டை வெடிக்க வைத்தவர்கள் அங்கேதான் காத்திருந்தார்கள்.

அதே டோர்ட்முண்ட்: படம் பார்த்த பகிடிதானே அண்ணை, ஏன் இவ்வளவு சூடாகிறீர்கள்? விற்கிறவர்களே சிசிலிக்காரர்தானே.

விற்கிறார்கள்தான். அதே ஊரில் லீபெரோ கிராஸ்ஸி என்று ஒரு துணி ஆலை முதலாளியும் இருந்தார். மாஃபியாவுக்குக் கப்பம் கட்ட மாட்டேன் என்று 1991 ஜனவரியில் பத்திரிகையில் கடிதமே எழுதினார். ஆகஸ்ட்டில் வீட்டருகே சுட்டுக் கொன்றார்கள். கப்பம் என்றால் என்ன என்று எங்கள் ஆட்களுக்கு விளக்க வேண்டுமா?

கேள்வி (ஒரு தங்கச்சி, பாரிஸ்): அவர் கேட்ட விதம் பிழைதான். ஆனால் சுற்றுலாக் காசு நல்ல கடைக்குப் போகிறதா என்று எப்படித் தெரியும்?

இதுதான் கேள்வி. 2004இல் இளைஞர்கள் சிலர் ஒரே இரவில் நகரெங்கும் ஒட்டுத்தாள் ஒட்டி, கப்பம் கட்டுவது மானக்கேடு என்று எழுதினார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் ‘அத்தியோபீட்ஸோ’ அமைப்பு. கட்ட மறுத்த கடைகள் அதன் ஒட்டுத்தாளைக் கண்ணாடியில் ஒட்டியிருக்கும். அங்கே வாங்குங்கள். ரீசேர்ட்டும் கிடைக்கும், டோர்ட்முண்ட் தம்பி. அதைப் போட்டுக்கொண்டு படம் எடுங்கள்.

கேள்வி (மில்டன் கீன்ஸ்): ஹைபிரிட் கார் என்றால் உள்ளே விடுவார்களா?

பாரிஸ்காரருக்குச் சொன்னதை வாசியுங்கள். பஸ்.

கேள்வி (கோபன்ஹேகன்): ரோமில் எந்த ஹோட்டல் நல்லது?

ரோமில் இருப்பவரைக் கேளுங்கள்.

கேள்வி (ரொறன்ரோ): பலெர்மோத் தமிழர் மாதா மலைக்குப் போவார்கள் என்று அம்மா சொல்கிறா. உண்மையா?

மாதா இல்லை, பலெர்மோவின் காவல் புனிதையான சாந்தா ரொசாலியா. 1624இல் கொள்ளைநோய் வந்தபோது பெலெக்ரீனோ மலையில் கிடைத்த எலும்புகளை அவருடையவை என்று நம்பி ஊர்வலமாகக் கொண்டு வந்தார்கள், நோய் விலகியது என்பது ஊர் நம்பிக்கை. அந்த மலைக்குகைக் கோயிலுக்கு ஞாயிறுகளில் எங்கள் ஆட்கள் ஏறுகிறார்கள், சைவக்காரரும்தான். குடும்பமாக வந்து மெழுகுதிரி ஏற்றி, நேர்த்தி வைத்துப் போவார்கள். குகைக்குள் பாறையில் கசியும் நீரைத் தகரப் பீலிகள் ஏந்திக் கொண்டுபோகும், அண்ணாந்து பாருங்கள். 812ஆம் இலக்க பஸ் மேலே போகும். கல் பதித்த பழைய பாதையில் ஏறுவதானால் வெயில் ஏறுமுன் புறப்படச் சொல்லுங்கள், செருப்பு சரிவராது, சப்பாத்துப் போடச் சொல்லுங்கள்.

கேள்வி (லண்டன், மறுபடியும்): கன்னோலி கொண்டுவரலாமா? அப்புறம், கார் பற்றி…

கார் வேண்டாம். கன்னோலி என்பது பொரித்த குழலுக்குள் ரிக்கோட்டா என்ற மென்மையான பாற்கட்டியை வைத்த இனிப்பு, நிரப்பிக் கொண்டுபோனால் வீடு சேர்வதற்குள் நமுத்துவிடும். கைப்பையில் ரிக்கோட்டாவைச் சோதனைக்காரர் விடவும் மாட்டார். வெறும் குழல்களை வாங்கி உடையாமல் சுற்றுங்கள். நிரப்பியதை இங்கேயே, கண் முன்னால் நிரப்பித் தரும் கடையில் நின்று சாப்பிடுங்கள்.