மகளை பைலட் ஆக்க ரப்பர் தோட்டத்தை விற்கலாமா?

கேள்வி: குலசேகரம் பக்கத்தில் இருக்கிறோம். மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள். இயற்பியல், கணிதம் இரண்டிலும் நல்ல மார்க். பைலட் ஆகியே தீருவேன் என்கிறாள். வெளிமாநிலப் பயிற்சி நிலையம் ஒன்றில் 55 லட்சம் கேட்கிறார்கள். இந்த மாதத்துக்குள் 30 லட்சம் கட்டினால் 3 லட்சம் குறைப்பார்களாம். வளைகுடாவிலிருந்து திரும்பிவிட்ட என் கணவர் நடத்தும் கடையில் மாதம் 45,000 ரூபாய் நிற்கும். 80 சென்ட் ரப்பரில் சராசரி 7,000. வீட்டுச் செலவு 28,000. வங்கியில் 12 லட்சம் டெபாசிட், 40 பவன் நகை உண்டு. தோட்டத்துக்கு 60 லட்சம் விலை சொல்கிறார்கள். விற்றுவிடலாம் என்கிறார் கணவர். எனக்குப் பயமாக இருக்கிறது. (ஒரு வாசகி, கன்னியாகுமரி மாவட்டம்)

பதில்: சகோதரி, தோட்டத்தை முழுதாக விற்க வேண்டாம். அந்த 30 லட்சத்தை இந்த மாதம் கட்டவும் வேண்டாம். மகளின் ஆசைக்கு வழி இருக்கிறது. ஆனால் இந்தப் படிப்புக்குப் பணத்தை மொத்தமாகத் தூக்கிக் கொடுக்கக் கூடாது. அவள் ஒரு கட்டத்தைத் தாண்டிய பிறகே அடுத்த கட்டத்துக்கான பணம் உங்கள் கையை விட்டுப் போக வேண்டும்.

முதல் கட்டம் மருத்துவப் பரிசோதனை. விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ அங்கீகரித்த மருத்துவரிடம் முதலில் கிளாஸ் 2 மருத்துவச் சான்று, அதன்பின் கிளாஸ் 1. பெங்களூரில் விமானப்படையின் மருத்துவ நிறுவனத்திலேயே கிளாஸ் 1 எடுக்கலாம். கண்ணாடி போடுவது பொதுவாகத் தடை இல்லை. நிறங்களைப் பிரித்தறிவதில் குறை இருந்தால் சிக்கல். கிளாஸ் 1 இல்லாமல் வணிக பைலட் உரிமம் கிடையாது. ஆயிரங்களில் முடிகிற இந்தப் பரிசோதனைக்கு முன்னால் லட்சங்களைக் கட்டச் சொல்லும் எவரையும் நம்பாதீர்கள்.

அடுத்தது எழுத்துத் தேர்வுகள். வான்வழிச் செலுத்தம், வானிலை, விமான விதிகள், தொழில்நுட்பம் என ஒவ்வொன்றிலும் 70 சதவீதம் எடுக்க வேண்டும். ரேடியோ உரிமத்துக்குத் தனித் தேர்வு. பறக்கத் தொடங்கும் முன்பே இவற்றுக்குப் படிக்கலாம். தேர்வுகளை முடித்துவிட்டுப் பறக்கப் போகும் பிள்ளைக்கு ஹாஸ்டலில் வீணாகும் மாதங்கள் குறைவு.

சரி, பறக்கும் கட்டத்துக்கு வருவோம். மாணவர் உரிமம் வாங்கி ஆரம்பிப்பார்கள். 17 வயதில், 40 மணி நேரம் பறந்தவர்களுக்குத் தனிநபர் உரிமம் உண்டு. அதை வைத்துச் சம்பளம் வாங்க முடியாது. சம்பளத்துக்கு வேண்டியது சிபிஎல் எனும் வணிக உரிமம். அதற்கு 18 வயதும் 200 மணி நேரப் பறப்பும் வேண்டும். அதில் 100 மணி நேரம் அவளே விமானத்தின் பொறுப்பில் இருக்க வேண்டும். இதோடு வேலை கிடைத்துவிடும் என்று நினைத்துத்தான் பல குடும்பங்கள் கணக்குப் போடுகின்றன. விமான நிறுவனங்களுக்கு இது போதாது. உரிமத்தோடு சேரும் கூடுதல் தகுதிகளான ரேட்டிங்குகளும் வேண்டும். பல இன்ஜின் ரேட்டிங், கருவிகளைப் பார்த்தே ஓட்டும் இன்ஸ்ட்ருமெண்ட் ரேட்டிங், அப்புறம் ஏர்பஸ் 320 அல்லது போயிங் 737 போன்ற ஒரு குறிப்பிட்ட விமானத்துக்கான டைப் ரேட்டிங். இந்தக் கடைசிக்கு மட்டும் 15 முதல் 20 லட்சம் ஆகலாம். உங்களிடம் கேட்ட 55 லட்சத்தில் எவையெல்லாம் அடங்கும் என்று எழுத்தில் கேளுங்கள். டைப் ரேட்டிங் பெரும்பாலும் வெளியேதான் இருக்கும்.

கேப்டன் ஆவதற்கான உரிமத்துக்கு 1,500 மணி நேரம் வேண்டும். அது வேலை செய்துகொண்டே சேர்வது, அதற்குச் சேமிக்கத் தேவையில்லை.

உரிமம் வாங்கிய கையோடு வேலை என்றும் யாரும் உறுதி தர முடியாது. ஆள் எடுப்பது நின்றுபோகும் காலங்கள் உண்டு. அப்போதும் மருத்துவச் சான்றையும் இன்ஸ்ட்ருமெண்ட் ரேட்டிங்கையும் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும், அதற்கும் செலவு. பயிற்றுநர் ரேட்டிங் எடுத்தால் அந்த இடைவெளியில் சம்பளமும் பறப்பு நேரமும் கிடைக்கும்.

இப்போது உங்கள் கணக்கு. 40 லட்சம் கடன் வாங்கினால், 10 சதவீத வட்டியில் 15 ஆண்டுக்கு இஎம்ஐ சுமார் 43,000. கடை வருமானம் முழுக்க அதற்கே போய்விடும். மகளின் சம்பளம் ஒரு வருடம் வராவிட்டாலும் குடும்பம் கட்டக்கூடிய தொகைதான் உங்கள் கடனுக்கு எல்லை. 18 லட்சம் என்றால் இஎம்ஐ சுமார் 19,350, உங்களால் முடியும். தோட்டத்தில் 40 சென்ட் மட்டும் விற்றால் 30 லட்சம். டெபாசிட்டில் 8 லட்சம் எடுத்து, 4 லட்சத்தை அவசரத்துக்கு விடுங்கள். மொத்தம் 56 லட்சம். மீதி 40 சென்ட் கடனுக்கு ஈடாகும், 7.5 லட்சத்துக்கு மேல் கல்விக் கடனுக்கு வங்கிகள் வழக்கமாக ஈடு கேட்கும். நகையை இப்போது தொடாதீர்கள். டைப் ரேட்டிங் வரும்போது அதுதான் கைகொடுக்கும். கல்யாணத்துக்கென்று சேர்த்த பவனைப் படிப்புக்கு எடுப்பதா என்று உறவில் பேசுவார்கள். பேசட்டும், அது அவளுக்காகச் சேர்த்ததுதானே.

நிலத்தை விற்பதும் கிளாஸ் 1 கையில் வந்து, தேர்வுகள் முடிந்த பிறகுதான். வெட்டிய ரப்பரைத் திரும்ப நட்டால் பால் எடுக்க ஏழு வருடம் ஆகும்.

படிப்புக் காலத்திலும் அதன்பின் ஓராண்டும் வழக்கமாக இஎம்ஐ இருக்காது, வட்டி மட்டும் ஓடும். முழுத் தொகையும் எடுத்த பிறகு அது மாதம் 15,000. முடிந்த மாதங்களில் அதைக் கட்டிவிடுங்கள்.

3 லட்சம் தள்ளுபடியில் மயங்காதீர்கள். விமானம் பழுதாகி நின்றாலோ, பயிற்றுநர் விலகினாலோ, மழை நீண்டாலோ பறப்பு தள்ளிப்போகும். முன்பணம் கட்டிய பெற்றோருக்கு அப்போது கேட்கும் பலம் இருக்காது. எத்தனை விமானங்கள் பறக்கும் நிலையில் உள்ளன, எத்தனை மாணவர்கள், போன பிள்ளைகள் 200 மணி நேரம் முடிக்க எத்தனை மாதம் ஆனது என்று நேரில் போய், அங்கே படிக்கிற பிள்ளைகளிடமே கேளுங்கள். டிஜிசிஏ ஒப்புதல் பெற்ற பயிற்சிக்கு ஜிஎஸ்டி கிடையாது என்று 2024-ல் ஜிஎஸ்டி கவுன்சில் தெளிவுபடுத்தியிருக்கிறது. பில்லில் அது சேர்ந்திருந்தால் கேள்வி கேளுங்கள். களியக்காவிளை தாண்டினால் திருவனந்தபுரத்தில் கேரள அரசின் ராஜீவ் காந்தி அகாடமி இருக்கிறது, அங்கும் விசாரியுங்கள். உத்தரப் பிரதேசத்தில் மத்திய அரசின் இந்திரா காந்தி ராஷ்ட்ரிய உரான் அகாடமிக்கு நுழைவுத் தேர்வும் எழுதட்டும்.

முப்படைகளுக்கு அதிகாரிகளை உருவாக்கும் தேசிய பாதுகாப்பு அகாடமியின் என்டிஏ தேர்வையும் மறக்க வேண்டாம். 2022 முதல் பெண்களும் அங்கே பயிற்சி பெறுகிறார்கள். விமானப்படையின் பறக்கும் பிரிவுக்குப் பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றும் படித்திருக்க வேண்டும், வயது பதினாறரை முதல் பத்தொன்பதரை வரை, பெண்களுக்கு விண்ணப்பக் கட்டணம் இல்லை, பயிற்சிச் செலவு அரசுடையது. ராணுவ வாழ்க்கை அவளுக்குப் பிடிக்குமா என்று அவளிடமே கேளுங்கள். பிடித்தால் இதைத்தான் முதலில் வைப்பேன்.

கடன் வாங்கும் நிலை வந்தால், மகளையும் கடன்தாரராகச் சேருங்கள். பழைய வரி முறையைத் தேர்ந்தெடுத்தால் அவள் கட்டும் வட்டிக்கு 8 ஆண்டு வரை வரிக் கழிவு கிடைக்கும். அன்றே அவள் பெயரில் கடன் தொகைக்கு டெர்ம் பாலிசி எனும் ஆயுள் காப்பீடு ஒன்றும் எடுங்கள். விண்ணப்பத்தில் பைலட் பயிற்சி என்பதை மறைக்காமல் எழுதுங்கள், பிரீமியம் கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை.