பட்டுவாடா லிஸ்ட்டுக்கு 20 நிமிஷமா? சர்வர் வாங்குறதுக்கு முன்னாடி இதப் பாருங்க

கோத்தகிரி பக்கம் டீ ஃபேக்டரி ஆபீஸ்ல இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க. விவசாயிங்க கொண்டு வர்ற பச்சை இலை எடைய மைஎஸ்கியூஎல்ங்குற டேட்டாபேஸ்ல ஏத்துறாங்க, எட்டு வருஷ டேட்டா, இலை குடுக்குறவங்க 400 பேர். மாசக் கடைசில பட்டுவாடா லிஸ்ட் எடுத்தா 20 நிமிஷம், அந்த நேரம் எடை ஏத்துற கம்ப்யூட்டரும் சிக்குது. 16 ஜிபி ரேம், பழைய ஹார்ட் டிஸ்க். புது சர்வர் வாங்கலாமா?

இப்போதைக்கு வேண்டாம்மா. 20 நிமிஷம்னா 1200 செகண்ட், 400 பேருக்குப் பிரிச்சா தலைக்கு 3 செகண்ட் வருதா? எனக்கென்னவோ உங்க ப்ரோக்ராம் ஒவ்வொரு ஆளுக்கும் எட்டு வருஷ டேபிளையும் முதல்ல இருந்து கடைசி வரை படிக்குதுன்னுதான் தோணுது. லிஸ்ட்டுக்காக டேட்டாபேஸ்கிட்ட கேக்குற க்வெரிக்கு முன்னாடி எக்ஸ்ப்ளெயின்னு போட்டுப் பாருங்க, எப்படித் தேடுதுன்னு அது காட்டும்; டைப் காலம்ல 'ஆல்'னு வந்தா முழு டேபிளையும் படிக்குதுன்னு அர்த்தம், சந்தேகமே வேண்டாம், மெம்பர் நம்பரையும் தேதியையும் சேத்து ஒரே இன்டெக்ஸா (புத்தகத்துக்குப் பின்னாடி இருக்குற அகராதிப் பட்டியல் மாதிரி, தேடுறத நேரா காட்டும்) போடுங்க. தேதிய மன்த், இயர்னு ஃபங்ஷனுக்குள்ள வச்சிருந்தா இன்டெக்ஸ்ல தேதிப் பாதி வேலை செய்யாது, 'ஜூன் 1ல இருந்து ஜூலை 1க்கு முன்னாடி வரை'ன்னு மாத்தி எழுதச் சொல்லுங்க.

அடுத்து இன்னோடிபி பஃபர் பூல், அதாவது மைஎஸ்கியூஎல் டேட்டாவ ரேம்ல வச்சுக்குற இடம். யாரும் தொடலைன்னா அது வெறும் 128 எம்பிதான், 16 ஜிபி ரேம வச்சுக்கிட்டு இது அநியாயம். 8 ஜிபி குடுங்க.

எடை ஏத்துறப்ப சிக்குறது வேற கதை. ஒவ்வொரு என்ட்ரியும் டிஸ்க்குல எழுதி முடிச்சாத்தான் கமிட் ஆகும், அதாவது பதிவு உறுதியாகும், 7200 ஆர்பிஎம் டிஸ்க் ஒரு சுத்து சுத்தவே 8.3 மில்லிசெகண்ட், லிஸ்ட்டும் ஓடுச்சுன்னா டிஸ்க்க படிக்குற, எழுதுற ஹெட் அங்கயும் இங்கயும் அலையும். இதுக்கு எஸ்எஸ்டி போட்டே ஆகணும். ஆனா நம்ம மலையில ஆடிக் காத்துக்கு மரம் விழுந்து கரண்ட் போறது தெரிஞ்சதுதானே, அதனால பவர் லாஸ் ப்ரொடெக்‌ஷன் இருக்குற எஸ்எஸ்டியா கேட்டு வாங்குங்க, உள்ள இருக்குற கெப்பாசிட்டர் பாதில நிக்குற எழுத்த முடிச்சுக் குடுக்கும், கமிட்டும் வேகமா ஆகும், விலை கூடத்தான்.

கமிட் ஆனத எப்ப டிஸ்க்குல எழுதணும்னு சொல்ற ஃப்ளஷ் லாக் செட்டிங்க 1ல இருந்து 2க்கு மாத்துங்க, பறக்கும்னு யாராவது சொல்வாங்க. பறக்கும்தான், ஆனா கரண்ட் போனா கடைசி ஒரு செகண்ட்ல ஏத்தினது காணாம போகலாம், அதுல ஒருத்தரோட மூட்டை எடை இருந்தா பதில் சொல்ல வேண்டியது நீங்க.

இன்டெக்ஸ் போடுற வேலைய எடை எல்லாம் முடிஞ்ச சாயங்காலம் வச்சுக்குங்க, அதுக்கு முன்னாடி வேற டிரைவ்ல ஒரு பேக்கப் எடுத்துடுங்க.