பெஞ்சில் உட்காரும் பத்தொன்பது வயது

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் ஆதரிக்கும் கூடைப்பந்து அணிக்கு இந்த ஆண்டு பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் வந்திருக்கிறான். அவன் ஓடுவதையும் எம்புவதையும் பார்த்தால் கண்ணை எடுக்க முடியவில்லை. ஆனால் பந்தைத் தொலைக்கிறான், தடுப்பாட்டத்தில் தன் ஆளைத் தவறவிடுகிறான். ஒரு தவறு செய்தால் போதும், பயிற்சியாளர் உடனே வெளியே அழைத்துவிடுகிறார். அடுத்த இரண்டு ஆட்டங்களில் ஆளையே காணோம். "முப்பது நிமிடம் ஆடவிட்டால் தானாகக் கற்றுக்கொள்வான்" என்கிறார்கள் என் நண்பர்கள். உழைத்துச் சம்பாதிக்காத நிமிடங்களைக் கொடுத்தால் பையன் கெட்டுப்போவான் என்று எனக்குத் தோன்றுகிறது. எது சரி?

ம.

அன்புள்ள ம.,

நீங்களும் நண்பர்களும் எத்தனை நிமிடம் என்று வாதிடுகிறீர்கள். உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது "ஒரு தவறு செய்தால் போதும்" என்ற வரி.

அப்படி வெளியே அழைக்கப்படும் பையன், தவறு செய்யக்கூடாது என்பதை மட்டும்தான் கற்றுக்கொள்வான். தவறு செய்யாமலிருக்கச் சுலபமான வழி எதையும் செய்யாமலிருப்பது. பந்து கைக்கு வந்ததுமே பக்கத்தில் இருப்பவரிடம் தள்ளிவிடுவான். எதிரில் ஆளே இல்லாத ஷாட்டுக்கும் தயங்குவான், தயங்கிய பிறகு எறிவான், அது உள்ளே போகாது. ஒரு மாதத்தில் டர்னோவர் (பந்தை எதிரணியிடம் தொலைப்பது) எண்ணிக்கை குறைந்திருக்கும், பயிற்சியாளருக்கும் திருப்தியாக இருக்கும். எந்தத் துணிச்சலைப் பார்த்து டிராஃப்டில் (புது ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில்) அவனை எடுத்தார்களோ அது காணாமல் போயிருக்கும்.

தவறுகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஷாட் தவறியதும் திரும்பி ஓடாமல் நடுவரைப் பார்த்துக் கையை விரிக்கிறான், டைம் அவுட்டில் சொன்னதைக் காதில் வாங்காமல் நிற்கிறான் என்றால் அந்த நிமிடமே வெளியே அழைக்கலாம். அதில் நான் உங்கள் பக்கம். ஓட்டமும் கவனமும் எந்த வயதிலும் கேட்டுப் பெற வேண்டியவை. ஆனால் சரியான ஆளைக் கண்டுபிடித்து அரை நொடி தாமதமாகப் பாஸ் கொடுப்பது வேறு. பெரும்பாலான ஃபவுல்களும் இந்த வகைதான். இளம் ஆட்டக்காரர்கள் ஃபவுல்களைக் குவிப்பதைக் கைத்துடுக்கு என்று வர்ணனையாளர்கள் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. கால் பிந்துவதால் கை முந்துகிறது. எதிரணி ஸ்கிரீன் போட்டால், அதாவது ஒருவர் குறுக்கே நின்று நம் ஆளின் வழியை மறித்தால், அடுத்து பந்து எங்கே போகும் என்று கண் இன்னும் படிக்கவில்லை, அதனால் கால் பிந்துகிறது. பெஞ்சில் உட்கார்ந்து அதைச் சரிசெய்ய முடியாது. அதே ஸ்கிரீனைத் திரும்பத் திரும்ப உடம்பால் சந்திக்க வேண்டும்.

ஜெர்மைன் ஓ'நீலைப் பாருங்கள். 1996இல் பள்ளியிலிருந்து நேராக அமெரிக்காவின் என்பிஏ லீகுக்கு வந்த அவரை டிராஃப்டில் 17ஆவது ஆளாகப் போர்ட்லாண்ட் அணி எடுத்தது. அங்கே நான்கு ஆண்டுகள் இருந்தார், சராசரியாக ஆட்டத்துக்குச் சுமார் 11 நிமிடம்தான் கிடைத்தது. அணியைக் குறை சொல்லவும் முடியாது. அவருக்கு முன்னால் தேர்ந்த பெரிய ஆட்டக்காரர்கள் வரிசையாக இருந்தார்கள், அணி வென்றுகொண்டிருந்தது. 2000இல் இண்டியானா அணிக்குப் போனார். முதல் பருவத்திலேயே 30 நிமிடத்துக்கு மேல் ஆடி, ஏறத்தாழ 13 புள்ளி, 10 ரீபவுண்ட் (தவறிய ஷாட்டிலிருந்து திரும்பும் பந்தைப் பிடிப்பது) எடுத்தார். பிறகு லீகின் சிறந்தவர்கள் மட்டும் ஆடும் ஆல் ஸ்டார் ஆட்டத்துக்கு ஆறு முறை தேர்வானார். அந்தத் திறமை ஒரே கோடையில் முளைத்திருக்காது.

அதற்காக உங்கள் நண்பர்கள் சொல்வதுபோல முப்பது நிமிடத்தைத் தூக்கிக் கொடுத்துவிட வேண்டும் என்றும் நான் சொல்லமாட்டேன். 2011இல் சான் அன்டோனியோ அணி கவாய் லெனர்டைக் கையாண்ட விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். கல்லூரியில் அவருடைய மூன்று புள்ளி ஷாட்கள் (தொலைவிலிருந்து எறிபவை) நான்கில் ஒன்றுதான் உள்ளே போயின. எறிதலைச் சீராக்கும் வேலை சிப் எங்கலண்ட் என்ற துணைப் பயிற்சியாளரிடம் போனது. ஆட்டத்திலோ அன்றைய தலைமைப் பயிற்சியாளர் கிரெக் பாப்பவிச் லெனர்டிடம் மிகக் கொஞ்சமே கேட்டார்: எதிரணியின் சிறந்த விங் (பக்கவாட்டில் ஆடும்) ஆட்டக்காரரைக் காவல் காக்க வேண்டும், ரீபவுண்டுக்குப் போக வேண்டும், மூலையில் நின்று பந்து வந்தால் எறிய வேண்டும். ஆட்டத்துக்குச் சுமார் 24 நிமிடம். சுற்றிலும் டிம் டங்கன், டோனி பார்க்கர், மனு ஜினோபிலி போன்ற அனுபவசாலிகள். முதல் பருவத்திலேயே மூன்று புள்ளி ஷாட்கள் 37 சதவீதத்துக்கு மேல் உள்ளே போயின. 2014இல் இறுதிச் சுற்றின் சிறந்த ஆட்டக்காரர் அவர்தான்.

வேலையைச் சின்னதாக்கி, தெளிவாகச் சொல்லி, அதை ஆட்டத்துக்கு ஆட்டம் மாற்றாமல் இருந்தார்கள். உங்கள் அணியின் பையனுக்கும் இதைத்தான் கேட்பேன். முதல் கால்பகுதியில் நான்கு நிமிடம் மிச்சமிருக்கும்போது உள்ளே போவான், இரண்டாவதின் நான்காவது நிமிடத்தில் வெளியே வருவான் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். நேரம் முடிந்ததால் வெளியே வருகிறோம் என்று அவனுக்குத் தெரிந்தால், பந்தைத் தொலைத்ததும் பெஞ்சைத் திரும்பிப் பார்க்கமாட்டான். அடுத்தமுறை அவன் தவறு செய்யும்போது கண் எங்கே போகிறது என்று கவனியுங்கள். பெஞ்சுக்குப் போனால் பயிற்சி தப்பான திசையில் நடக்கிறது. கூட இறங்கும் நால்வரில் இருவராவது அனுபவசாலிகளாக இருக்க வேண்டும், களத்தில் வாய் திறந்து பேசுபவர்களாக. ஐந்து புதியவர்களை ஒன்றாக இறக்கினால் யார் தவறு எது என்றே தெரியாது.

உடம்பையும் சொல்லியாக வேண்டும். கோபி பிரையன்ட் 18 வயதில் லேக்கர்ஸ் அணிக்கு வந்தபோது பயிற்சியாளர் டெல் ஹாரிஸ் அவருக்குச் சராசரியாக 15 நிமிடம் கொடுத்தார். 1997 மே மாதம் யூட்டா அணிக்கு எதிரான நாக் அவுட் தொடரின் ஐந்தாவது ஆட்டத்தில், கடைசி நொடிகளில் பந்தை அவரிடமே ஒப்படைத்தார். அந்த ஷாட்டும் கூடுதல் நேரத்தில் எறிந்த மூன்று ஷாட்களும் வளையத்தைக்கூடத் தொடவில்லை. லேக்கர்ஸ் தோற்று வெளியேறியது. பந்துகள் நேராகத்தான் போயின, தூரம்தான் போதவில்லை, கால்களில் பலம் இல்லை என்று பிற்பாடு பிரையன்டே விளக்கினார். பள்ளியில் ஒரு பருவத்துக்கு 35 ஆட்டம் ஆடிய உடம்புக்கு 82 ஆட்டப் பருவம் மிகப் பெரியது. அந்தக் கோடையில் அவர் கால்களைப் பலப்படுத்தினார். பருவத்தின் பின்பாதியில் உங்கள் பையனின் ஷாட் குறைவாக விழ ஆரம்பித்தால், மனஉறுதி இல்லை என்று யாராவது எழுதுவார்கள். முதலில் அவன் தூக்கத்தையும் கால்களையும் விசாரிக்க வேண்டும்.

ஹாரிஸ் அன்று பந்தைக் கொடுத்தது தவறு என்று நான் நினைக்கவில்லை. நான்கும் தவறிய பிறகும் அவரை வெளியே இழுக்கவில்லை. அந்தப் பையன் அடுத்த ஆண்டு கடைசி நொடியில் பந்தைக் கேட்கப் பயப்படவில்லை.

இவ்வளவு தெரிந்தும் பயிற்சியாளர்கள் ஏன் ஒரே தவறுக்கு வெளியே அழைக்கிறார்கள்? என்பிஏ டிராஃப்டின் முதல் சுற்றில் எடுக்கப்படும் ரூக்கிக்கு (முதல் ஆண்டு ஆட்டக்காரருக்கு) இரண்டு ஆண்டுகள் உறுதியான ஒப்பந்தம் உண்டு, அணி விரும்பினால் மேலும் இரண்டு. பயிற்சியாளருக்குப் பல இடங்களில் அவ்வளவு நாள் கிடைப்பதில்லை. கெவின் கார்னெட் 1995இல் மின்னசோட்டா அணிக்கு வந்தார். அவருடைய முதல் பயிற்சியாளர் பில் பிளேர் இருபதே ஆட்டங்களில் நீக்கப்பட்டார். பையன் நான்காவது ஆண்டில் மலர்ந்தால் தனக்கு என்ன என்று ஒரு பயிற்சியாளர் நினைத்தால் அவரை என்னால் திட்ட முடியவில்லை. பிளேருக்குப் பிறகு வந்த ஃபிளிப் சாண்டர்ஸை நிர்வாகம் ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் வைத்திருந்தது. கார்னெட் அவரிடம்தான் வளர்ந்தார், 2004இல் லீகின் சிறந்த ஆட்டக்காரரானார்.

ஆகவே உங்கள் கோபம் பயிற்சியாளரோடு நிற்க வேண்டாம். இந்தப் பருவம் தோல்வியில் முடிந்தாலும் உங்கள் வேலை போகாது, இந்தப் பையனை வளர்த்துக் கொடுங்கள் என்று நிர்வாகம் அவரிடம் சொல்லியிருக்கிறதா? சொல்லவில்லை என்றால், பையன் பெஞ்சில் உட்கார்ந்திருப்பதற்கு அவர்களும்தான் பொறுப்பு.

அன்புடன்.