பிரெயின்ஸ்பாட்டிங்: பார்வை நிற்கும் இடமும் மனக்காயமும் (கேள்வி பதில்)

தொடங்கும் முன் ஒன்று. நான் உளவியல் சிகிச்சையாளர், மனநல மருத்துவர் இல்லை. மாத்திரை பற்றிய முடிவெல்லாம் உங்கள் மருத்துவரிடம்தான். கேளுங்கள்.

கேள்வி: பிரெயின்ஸ்பாட்டிங் என்றால் என்ன? ஹிப்னாடிசம் மாதிரியா?

இல்லை. மனக்காயத்தை நினைத்தபடியே பார்வையை ஓரிடத்தில் நிறுத்திவைத்துச் செய்யும் உளவியல் சிகிச்சை இது. முழு நினைவோடுதான் உட்கார்ந்திருப்பீர்கள், வேண்டாம் என்றால் அந்த நிமிடமே நிறுத்திக்கொள்ளலாம். 2003-ல் நியூயார்க்கில் டேவிட் கிராண்ட் என்ற சிகிச்சையாளர், ஒரு தாவல் மட்டும் வராமல் தவித்த ஃபிகர் ஸ்கேட்டிங் (பனித்தரைச் சறுக்கு நடன) வீராங்கனை ஒருவருக்கு, தன் விரலைப் பின்தொடர்ந்து கண்ணை மெதுவாக அசைக்க வைக்கும் முறையில் சிகிச்சை கொடுத்துக்கொண்டிருந்தார். விரல் ஓரிடத்துக்கு வந்ததும் அந்தப் பெண்ணின் கண் தடுமாறி நின்றது. அவரும் விரலை அங்கேயே நிறுத்திவிட்டார். அதுவரை பேசாத பழைய விஷயங்களெல்லாம் மளமளவென்று வெளியே வந்தன, மறுநாள் அந்தத் தாவலும் வந்துவிட்டது என்று அவரே எழுதியிருக்கிறார்.

நடைமுறையில் எப்படி என்றால், எதிரே உட்கார்ந்து ஒரு குச்சியின் முனையைக் கண் மட்டத்தில் இடமிருந்து வலமாக ரொம்ப மெதுவாக நகர்த்துவோம். நீங்கள் அந்தச் சம்பவத்தை லேசாக மனதில் வைத்திருப்பீர்கள். ஓரிடத்தில் திடீரென்று இமை படபடக்கும், எச்சில் விழுங்குவீர்கள், மூச்சு ஒரு கணம் நிற்கும். குச்சி அங்கே நிற்கும். பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு பாரமாக இருக்கிறது, உடம்பில் எங்கே தெரிகிறது என்று கேட்போம். 'தொண்டை அடைக்கிறது' என்பார் ஒருவர். அப்புறம் பெரும்பாலும் மௌனம்தான். ஹெட்போனில் இடக்காதுக்கும் வலக்காதுக்கும் மாறிமாறிப் போகும் மெல்லிய இசை சிலருக்கு உண்டு. கொஞ்ச நேரத்தில் தொண்டை இளகி முழங்கால் நடுங்கும், சம்பந்தமே இல்லாதது போலச் சின்ன வயது நினைவு ஒன்று வரும். நாங்கள் விளக்கம் சொல்லிக் குறுக்கே போக மாட்டோம், கூடவே இருப்போம்.

கேள்வி: இதுவும் இ.எம்.டி.ஆரும் ஒன்றா?

அதிலிருந்து கிளைத்தது. இ.எம்.டி.ஆர். என்பது கண்ணை அசைக்க வைத்து மனக்காய நினைவுகளைக் கையாளும் சிகிச்சை. அமெரிக்க உளவியலாளர் ஃபிரான்சின் ஷாபிரோ 1987-ல் தொடங்கிவைத்தது, எட்டுக் கட்டங்கள் கொண்ட வரையறுத்த முறை. அதில் கண் நகர்ந்துகொண்டே இருக்கும், இதில் நிற்கும்.

கேள்வி: யூடியூபில் இதற்கு வீடியோ இருக்கிறது. வீட்டில் தனியாகச் செய்யலாமா?

பழைய மனக்காயத்தை வைத்துக்கொண்டு தனியாக வேண்டவே வேண்டாம். நினைவு பொங்கி வரும்போது நிதானத்துக்குக் கொண்டுவர ஆள் வேண்டும். அதற்குத்தான் முதல் சில சந்திப்புகளில் குச்சியையே எடுக்காமல், தரையில் காலை ஊன்றுவது, அறையில் உள்ள பொருள்களைப் பெயர் சொல்லிப் பார்ப்பது என்று பழக்குகிறோம்.

கேள்வி: இதற்கு ஆதாரம் எங்கே? இ.எம்.டி.ஆரிலேயே கண் அசைவு வெறும் அலங்காரம் என்கிறார்களே.

நல்ல கேள்வி, இதற்கு நேரம் எடுத்துக்கொள்கிறேன். அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோய்க்கு உலக சுகாதார நிறுவனம் 2013-ல் பரிந்துரைத்த உளவியல் சிகிச்சைகளில் முக்கியமானவை, மனக்காயத்தை மையப்படுத்திய சி.பி.டி.யும் (எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பேச்சு சிகிச்சை) இ.எம்.டி.ஆரும். பிரெயின்ஸ்பாட்டிங் அந்தப் பட்டியலில் இல்லை. கண் அசைவால் கூடுதல் பலன் இல்லை என்றது பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2001-ல் வந்த தொகுப்பாய்வு, உண்டு என்றது 2013-ல் வந்த இன்னொன்று. சண்டை ஓயவில்லை.

அதே நண்பர் மறுபடியும்: அப்படியானால் கண் நிற்பதற்கு என்ன விளக்கம்?

சரியான இடத்தில் பிடித்தீர்கள். கண்ணை அசைத்துக்கொண்டே ஒரு காட்சியை நினைத்தால் மனதின் வேலை செய்யும் நினைவில் (அந்தக் கணத்தில் கையாளும் விஷயங்களை மனம் பிடித்துவைக்கும் சின்ன இடம்) இடம் போதாமல் காட்சி மங்குகிறது என்பது இ.எம்.டி.ஆருக்குச் சொல்லப்படும் விளக்கங்களில் வலுவானது. கண் நின்றுவிட்டால் அந்த விளக்கத்தை அப்படியே கொண்டுவந்து ஒட்ட முடியாது. பார்வையைத் திருப்பும் நடுமூளைப் பகுதிகளைக் காட்டி 2013-ல் கிராண்டும் கோரிகனும் ஒரு விளக்கம் எழுதினார்கள், ஆனால் அது கருதுகோள்தான். இ.எம்.டி.ஆருடன் ஒப்பிட்டு 2017-ல் வந்த ஆய்வு சாதகமாகத்தான் இருக்கிறது, அதன் ஆசிரியர்களில் ஒருவர் கிராண்டே என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

இன்னொருவர் குறுக்கிட்டு: விபத்துக்குப் பிறகு பைக்கைத் தொடவே முடியாமல் இருந்தேன், இதில்தான் குணமானேன். எனக்கு எந்த ஆய்வும் தேவையில்லை.

உங்களுக்குக் கிடைத்த நிம்மதி உண்மை, எனக்கு ரொம்ப சந்தோஷம். ஆனால் அதைச் செய்தது குச்சி நின்ற இடமா, அத்தனை நேரம் அவசரப்படுத்தாமல் ஒருவர் உங்களோடு உட்கார்ந்திருந்ததா, பயந்த விஷயத்தை முதல்முறையாகத் தப்பிக்காமல் பார்த்ததா என்று உங்கள் ஒருவரின் அனுபவத்தை வைத்துப் பிரிக்க முடியாது. அதற்குத்தான் ஆய்வு. அதனால் என்னிடம் வருகிறவர்களுக்கு முதலில் சி.பி.டி. அல்லது இ.எம்.டி.ஆர். சொல்கிறேன். நடந்ததை வாயால் சொல்லவே முடியாதவர்களுக்கு, நிலைமையை விளக்கி, சம்மதம் வாங்கி, இதை எடுக்கிறேன்.

முதல் நண்பர்: ஆதாரம் குறைவு என்று தெரிந்தும் செய்வது நியாயமா?

நோயாளியிடம் மறைத்தால் அநியாயம். 'மூளையை ரீசெட் செய்கிறோம், மூன்றே அமர்வு' என்று விளம்பரம் செய்கிறவர்கள் மேல் எனக்கும் உங்களைவிட அதிகக் கோபம் இருக்கிறது.

கேள்வி: அக்காவுக்கு நாலு வருடமாக மனச்சோர்வு. இதை ஆரம்பித்தால் மாத்திரையை விட்டுவிடலாமா?

விடக்கூடாது. திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், தூக்கமின்மை, எரிச்சல் வரலாம், நோயும் திரும்பலாம். குறைப்பதாக இருந்தால் மருத்துவர் படிப்படியாகக் குறைப்பார். மனச்சோர்வுக்கு மட்டும் என்றால் பிரெயின்ஸ்பாட்டிங்கை முதல் தேர்வாகச் சொல்ல மாட்டேன். சி.பி.டி. இருக்கிறது, அன்றாட வேலைகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப வைக்கும் முறை இருக்கிறது. சோர்வுக்கு அடியில் பழைய காயம் இருப்பது தெரிந்தால் அப்போது பேசலாம்.

கேள்வி: பதற்றத்துக்கு மாத்திரை எடுக்கிறேன். இதைச் செய்துகொண்டே நிறுத்தலாமா?

மேலே அக்காவின் மாத்திரைக்குச் சொன்னதேதான். நிறுத்தாதீர்கள்.

கேள்வி: ஆப் இருக்கிறதாமே, அதில் புள்ளியைப் பார்த்தால் போதுமா?

வீடியோவுக்குச் சொன்னதேதான். தனியாக வேண்டாம்.

கேள்வி: பேசும்போது வலப்பக்கம் பார்த்தால் பொய் என்பார்களே?

அது வேறு கதை. 2012-ல் சோதித்துப் பார்த்தார்கள், அந்த நம்பிக்கை நிற்கவில்லை.

கேள்வி: எனக்கு வலிப்பு உண்டு. விழித்திரை அறுவை சிகிச்சையும் நடந்திருக்கிறது.

முதலில் நரம்பியல் மருத்துவரையும் கண் மருத்துவரையும் கேட்டுவிட்டு வாருங்கள். நேரம் காலம் மறந்து 'எங்கேயோ போய்விடும்' பழக்கம் இருந்தால் அதையும் முதல் நாளே சிகிச்சையாளரிடம் சொல்லிவிடுங்கள், வேகத்தையே மாற்ற வேண்டியிருக்கும்.

கேள்வி: யாரிடம் போவது? சான்றிதழ் எல்லோரும் மாட்டி வைத்திருக்கிறார்களே.

சில நாள் பயிற்சிச் சான்றிதழைப் பார்க்காதீர்கள், அதற்கு முன்னால் என்ன படித்தார் என்று பாருங்கள். மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண் இருக்கும், கேட்டால் கோபப்படாமல் சொல்ல வேண்டும். 'நடுவில் எனக்குத் தாங்க முடியாமல் போனால் என்ன செய்வீர்கள்?' என்றும் கேளுங்கள். தெளிவாகப் பதில் சொல்லாதவரிடம் உட்காராதீர்கள்.

கேள்வி: சில இரவுகளில் வாழ்ந்தது போதும் என்று தோன்றுகிறது. இது உதவுமா?

தம்பி, இந்த முறையைப் பற்றி அப்புறம் பேசுவோம். இப்போதே 14416-க்குக் கூப்பிடுங்கள். அது டெலி மானஸ், அரசின் இலவச உதவி எண், இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். வீட்டில் ஒருவரிடம் இன்றைக்கே சொல்லி இரவு கூடவே இருக்கச் சொல்லுங்கள். இன்றிரவே அந்த எண்ணம் வலுத்தால் பக்கத்து மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அவரோடு போங்கள். பேசிவிட்டு எனக்கு ஒரு வரி எழுதுங்கள், மற்ற கேள்விகள் காத்திருக்கட்டும்.