இரண்டு இயங்குதளங்களில் எது முதலில் எழவேண்டும்? – கேள்வி பதில்

கேள்வி: விண்டோஸ் இருந்த மடிக்கணினியில் உபுண்டு என்ற லினக்ஸையும் நிறுவினேன். பொத்தானை அழுத்திவிட்டு வேறு வேலையாகப் போய்த் திரும்பினால், ஒவ்வொரு முறையும் உபுண்டுதான் திறந்து நிற்கிறது. வீட்டில் மற்றவர்களுக்கு விண்டோஸ்தான் பழக்கம். இதை எங்கே மாற்றுவது, ஐயா?

பதில்: கணினி எழும்போது நீங்கள் காணும் அந்தப் பட்டியலைக் காட்டுவது க்ரப் என்னும் பூட்லோடர், அதாவது இயங்குதளத்தை ஏற்றித் தொடங்கிவைக்கும் நிரல். அதற்கான அமைப்புகள் ஈடிசி கோப்புறைக்குள் டீஃபால்ட் என்னும் துணைக் கோப்புறையில் உள்ள க்ரப் என்ற கோப்பில் இருக்கின்றன. அதை நிர்வாகி உரிமையுடன் திறந்தால், க்ரப்_டீஃபால்ட் என்று தொடங்கும் வரியில் சுழியம் கொடுக்கப்பட்டிருப்பதைக் காண்பீர்கள். பட்டியலின் முதல் வரிக்கு எண் 0, இரண்டாவது வரிக்கு 1 என்பதே க்ரப்பின் கணக்கு. ஆகவே விண்டோஸ் மேலிருந்து மூன்றாவதாக இருந்தால் 2 என்று எழுத வேண்டும். கோப்பைச் சேமித்த பின் டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரம்) அப்டேட்-க்ரப் கட்டளையை, நிர்வாகி உரிமை தரும் சூடோவுடன் கொடுத்தால்தான் மாற்றம் நடப்புக்கு வரும்; பலர் மறப்பது இந்தக் கடைசிப் படியைத்தான். பூட் கோப்புறையில் உள்ள க்ரப்.சிஎஃப்ஜி கோப்பை நேரடியாகத் திருத்த வேண்டாம். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் புதுப்பிக்கப்படும்போது அந்தக் கோப்பு மீண்டும் தானாகவே உருவாக்கப்படுவதால், உங்கள் திருத்தம் சுவடில்லாமல் போய்விடும்.

கேள்வி: நீங்கள் சொல்லும் அதே முறையில் எண் 2 கொடுத்து வைத்திருந்தேன். சில மாதங்கள் ஒழுங்காக விண்டோஸ் திறந்தது. நேற்றிலிருந்து நினைவகச் சோதனைத் திரை வருகிறது. கணினி கெட்டுவிட்டதா?

பதில்: கணினிக்கு ஒன்றுமில்லை. ஏதோ ஒரு புதுப்பிப்பின்போது நினைவகச் சோதனைக்கான வரி பட்டியலின் நடுவே நுழைந்து, விண்டோஸைக் கீழே தள்ளிவிட்டது. எண் மட்டும் பழைய இடத்தையே சுட்டிக்கொண்டிருக்கிறது. எண்ணைக் கொடுப்பது எளிதென்றாலும் நான் அதை விரும்பாததற்குக் காரணம் இதுதான். எண்ணுக்குப் பதில் பட்டியலில் உள்ள பெயரை மேற்கோள் குறிக்குள் அப்படியே கொடுக்கலாம். ஆனால் விண்டோஸ் பூட் மேனேஜர் என்ற பெயருக்குப் பின்னால் வட்டின் பெயரும் ஒட்டிக்கொண்டிருக்கும். இன்னொரு வட்டைப் பொருத்தினால் அதுவும் மாறக்கூடும். எனவே, க்ரப்.சிஎஃப்ஜி கோப்பைத் திருத்தாமல் வாசிக்க மட்டும் திறந்து, விண்டோஸுக்கான மெனுஎன்ட்ரி வரியில் ஓஎஸ்ப்ரோபர் என்று தொடங்கும் அடையாளச் சொல்லை எடுத்து, அதையே டீஃபால்ட்டாகக் கொடுத்துவிடுங்கள். வரிகள் எப்படி இடம் மாறினாலும் அது பிசகாது.

கேள்வி: நான் பெரும்பாலும் பயன்படுத்துவது லினக்ஸ் என்பதால் அதையே முதன்மையாக வைத்திருக்கிறேன். ஆனால் இரவில் விண்டோஸைப் புதுப்பிக்க விட்டுவிட்டுத் தூங்கினால், காலையில் லினக்ஸ் உள்நுழைவுத் திரைதான் நிற்கிறது. விண்டோஸுக்குள் போனால் புதுப்பிப்பு பாதியில் கிடக்கிறது.

பதில்: இயல்பு இயங்குதளத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, எதை அதிகம் பயன்படுத்துகிறோம் என்றே எல்லோரும் யோசிக்கிறார்கள். நீங்கள் கணினி முன் அமர்ந்திருக்கும்போது அந்தத் தேர்வுக்கு வேலையே இல்லை. அம்புக்குறியைத் தட்டி வேண்டியதைத் திறந்துகொள்வீர்கள். அருகில் யாரும் இல்லாதபோது கணினி தானாக மறுதொடக்கம் செய்தால் எங்கே போக வேண்டும் என்பதுதான் அது தீர்மானிக்கும் விஷயம். விண்டோஸின் பெரிய புதுப்பிப்புகள் இரண்டு மூன்று முறை மறுதொடக்கம் கேட்கும். முதல் மறுதொடக்கத்திலேயே க்ரப் உங்களை லினக்ஸுக்குத் திருப்பிவிடுவதால் மீதி வேலை அப்படியே நின்றுவிடுகிறது.

இதற்குச் சிறந்த வழி, க்ரப்_டீஃபால்ட் வரியில் எண்ணுக்குப் பதில் சேவ்ட் என்று எழுதி, அதன் கீழே க்ரப்_சேவ்டீஃபால்ட் வரியைச் சேர்த்து அதற்கு ட்ரூ என்ற மதிப்பைக் கொடுத்துவிடுவது. அதன்பின், கடைசியாக நீங்கள் எதைத் திறந்தீர்களோ அதையே க்ரப் அடுத்த முறையும் திறக்கும். விண்டோஸில் இருந்து மறுதொடக்கம் செய்தால் விண்டோஸ், லினக்ஸில் இருந்து செய்தால் லினக்ஸ். இரண்டையும் மாறிமாறிப் பயன்படுத்துவோருக்கு இதைவிடப் பொருத்தமான அமைப்பு இல்லை என்பது என் எண்ணம்.

ஒரு விதிவிலக்கு உண்டு. தன் தேர்வை க்ரப்என்வ் என்ற 1024 பைட் அளவுள்ள சிறு கோப்பில் க்ரப் எழுதி வைக்கிறது. பூட் கோப்புறை பிடிஆர்எஃப்எஸ் கோப்பு முறைமையிலோ எல்விஎம் (வட்டை நெகிழ்வாகப் பிரித்துக்கொள்ளும் முறை) பகுதியிலோ இருந்தால் க்ரப்பால் அங்கே எழுத முடியாது. தொடக்கத்தில் ‘ஸ்பார்ஸ் ஃபைல் நாட் அலவ்ட்’ என்று ஒரு பிழைச் செய்தி தோன்றி மறைந்தால், காரணம் பெரும்பாலும் இதுதான். அங்கே முந்தைய பதிலில் சொன்ன அடையாளச் சொல் முறைக்கே திரும்புங்கள்.

கேள்வி: விண்டோஸின் ஒரு பெரிய புதுப்பிப்புக்குப் பிறகு க்ரப் பட்டியலே வருவதில்லை, நேராக விண்டோஸ் திறக்கிறது. லினக்ஸை மீண்டும் நிறுவ வேண்டுமா?

பதில்: அவசரப்பட்டு நிறுவிவிடாதீர்கள். லினக்ஸும் க்ரப்பும் அநேகமாக அப்படியே இருக்கின்றன. யூஇஎஃப்ஐ என்னும் தொடக்க மென்பொருள் உள்ள கணினிகளில் க்ரப்புக்கும் மேலே ஒரு வாயில்காப்பாளர் உண்டு. தாய்ப்பலகையின் நினைவகத்தில் பூட்ஆர்டர் என்ற வரிசை பதிவாகியிருக்கிறது. அதில் முதலில் நிற்பதையே கணினி அழைக்கும். உங்கள் கணினியில் விண்டோஸ் பூட் மேனேஜர் அந்த வரிசையின் உச்சிக்கு ஏறிவிட்டது, அவ்வளவுதான். கணினியை இயக்கிய உடனே எஃப்2 அல்லது டெலீட் விசையை அழுத்தி (விசை தயாரிப்பாளரைப் பொறுத்தது) அமைப்புத் திரைக்குள் போய், உபுண்டு என்ற பெயரை மேலே ஏற்றிச் சேமித்தால் போதும். லினக்ஸுக்குள் நுழைய முடிந்தால் ஈஎஃப்ஐபூட்எம்ஜிஆர் கட்டளையாலும் இதைச் செய்யலாம். சில மடிக்கணினிகளின் ஃபர்ம்வேர் (தாய்ப்பலகையிலேயே பதிந்திருக்கும் அந்தத் தொடக்க மென்பொருள்) இந்த வரிசையை மதிக்காமல் விண்டோஸையே தேடிப் பிடிக்கும். ஃபர்ம்வேரைப் புதுப்பித்தால் சில சமயம் சரியாகும்.

கேள்வி: எனக்கு இதற்கு நேர்மாறு. க்ரப் வருகிறது, விண்டோஸ் அதில் இல்லை.

பதில்: 2021இல் வெளிவந்த க்ரப் 2.06 பதிப்பிலிருந்து, பிற இயங்குதளங்களைத் தேடும் வசதி பாதுகாப்பு கருதி முடக்கப்பட்டே வருகிறது. அதே அமைப்புக் கோப்பில் க்ரப்_டிசேபிள்_ஓஎஸ்_ப்ரோபர் என்ற வரிக்கு ஃபால்ஸ் என்று கொடுத்து, அப்டேட்-க்ரப் கட்டளையை இயக்குங்கள்.

கேள்வி: க்ரப் வழியாக விண்டோஸைத் திறந்தால், வட்டை மறைகுறியாக்கிப் பூட்டும் பிட்லாக்கர் மீட்புக் குறியீடு கேட்கிறது. நேரடியாகத் திறந்தால் கேட்பதில்லை. ஏன்?

பதில்: பிட்லாக்கரின் திறவுகோல் டிபிஎம் என்னும் பாதுகாப்புச் சில்லின் காவலில் இருக்கிறது. கணினி எழும்போது எந்தெந்த நிரல்கள் எந்த வரிசையில் ஓடின என்பதை அந்தச் சில்லு அளந்து வைத்துக்கொள்ளும். நடுவில் க்ரப் புகுந்தால் அளவு மாறிவிடுகிறது. உடனே பிட்லாக்கர் சந்தேகப்பட்டு 48 இலக்கக் குறியீட்டைக் கேட்கிறது. இத்தகைய கணினியில் க்ரப்பை விண்டோஸுக்கான வாசலாக வைக்கக் கூடாது என்பேன். ஃபர்ம்வேர் வரிசையில் விண்டோஸை முதலில் வைத்துவிட்டு, லினக்ஸ் வேண்டும்போது மட்டும் பூட் மெனு விசையை அழுத்தித் தேர்ந்தெடுங்கள். எதை மாற்றுவதற்கு முன்பும் அந்த 48 இலக்கங்களைக் கணினிக்கு வெளியே எழுதி வைத்துக்கொள்வது அவசியம்.

கேள்வி: என்னிடம் விண்டோஸ் 10, 11 இரண்டும் உள்ளன, லினக்ஸ் இல்லை. 10ஐத் தேர்ந்தெடுத்தால் கணினி மறுபடியும் ஒருமுறை மறுதொடக்கம் ஆகிறது.

பதில்: நீல நிறத்தில் தெரியும் அந்தப் பட்டியலைக் காட்டுவதற்காக, இயல்பாக உள்ள விண்டோஸ் ஓரளவு ஏற்கெனவே ஏற்றப்பட்டுவிடுகிறது. மற்றதைக் கேட்டால் அதை விட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. சிஸ்டம் ப்ராப்பர்டீஸ் சாளரத்தில் ஸ்டார்ட்அப் அண்ட் ரெக்கவரி பகுதிக்குப் போய் அதிகம் தேவைப்படுவதை இயல்பாக வையுங்கள். காத்திருக்கும் நேரமான 30 விநாடியையும் அங்கேயே குறைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: வேறிடத்தில் உள்ள லினக்ஸ் கணினியைத் தொலைவிலிருந்து நிர்வகிக்கிறேன். ஒரே ஒருமுறை மட்டும் விண்டோஸுக்குப் போய்த் திரும்ப வேண்டும். இயல்புநிலையை மாற்றாமல் முடியுமா?

பதில்: முடியும். ஈஎஃப்ஐபூட்எம்ஜிஆர் கட்டளையைத் தனியாகக் கொடுத்தால் ஒவ்வொரு இயங்குதளத்துக்கும் உரிய நான்கு இலக்க எண் தெரியும். விண்டோஸுக்குரிய எண்ணை, -n என்ற தெரிவுடன் (சிறிய ஆங்கில எழுத்து) அதே கட்டளைக்குக் கொடுங்கள். அது பூட்நெக்ஸ்ட் என்ற இடத்தில் பதிவாகும். அடுத்த தொடக்கத்தில் ஃபர்ம்வேர் அதைப் படித்ததும் தானே அழித்துவிடும். ஆகையால் விண்டோஸ் பாதியில் முடங்கினாலும், யாராவது மின்சாரத்தை அணைத்துப் போட்டால் கணினி லினக்ஸுக்கே திரும்பிவிடும். ஆனால் அந்த ஒருமுறைப் பயணத்தில் விண்டோஸ் புதுப்பிப்பு எதையும் தொடங்காதீர்கள். அதன் முதல் மறுதொடக்கமே உங்களை லினக்ஸில் கொண்டுவந்து விட்டுவிடும். க்ரப்பின் காத்திருப்பு நேரமாக -1 கொடுக்கப்பட்டிருக்கிறதா என்றும் புறப்படுமுன் பாருங்கள். அப்படியிருந்தால், யாராவது வந்து விசையைத் தட்டும்வரை அது பட்டியலைக் காட்டியபடியே நின்றுகொண்டிருக்கும்.